ஓவர்கிளாக் செய்த கிராபிக்ஸ் கார்டு: கடைக்கா, கம்பெனிக்கா, கையிலேயே வைத்துக்கொள்வதா?

ஓவர்கிளாக் செய்து, அதாவது விற்கப்பட்ட வேகத்துக்கு மேல் கூட்டி ஓட்டிய கிராபிக்ஸ் கார்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் எல்லோர் மனதிலும் முதலில் எழுவது, ‘கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?’ என்ற கேள்விதான். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓவர்கிளாக்கை முழுக்க எடுத்துவிட்டு, கார்டை அது விற்கப்பட்ட வேகத்திலேயே ஓட்டினாலும் அந்தக் கோளாறு வருகிறதா? வருகிறது என்றால் உங்களிடம் இருப்பது பழுதான பொருள். வரவில்லை என்றால் பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் கேட்ட கூடுதல் வேகத்தை மட்டும் அதனால் தர முடியவில்லை. கடையில் பணத்தைத் திரும்பக் கேட்பதா, வேறு கார்டு கேட்பதா, தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புவதா, பேசாமல் வைத்துக்கொள்வதா, வெளியே பழுது பார்ப்பதா என்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தே மாறும். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அந்தப் பதிலைத் தேடுவதற்கே கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன்.

எதை, எவ்வளவு தூரம் மாற்றினீர்கள்?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ஸ்லைடரை நகர்த்திச் செய்யும் ஓவர்கிளாக் கார்டுக்குள் தங்குவதில்லை. கணினி தொடங்கும்போது அந்த மென்பொருள், விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவே பேசும் டிரைவர் வழியாகப் புதிய எண்களைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் பழையபடி தன் சொந்த வேகத்தில் ஓடும். வோல்டேஜுக்கும் மின் அளவுக்கும் மேல்வரம்பு, கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருப்பதால், ஸ்லைடரை அளவு மீறித் தள்ளினால் பெரும்பாலும் நடப்பது கேம் மூடிக்கொள்வதும் கணினி தொங்குவதும்தான். சிப் அங்கேயே எரிந்துபோவது அரிது. கூடுதல் வோல்டேஜையும் சூட்டையும் நீண்ட காலம் தொடர்ந்து கொடுத்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் அணுக்கள் மெல்ல இடம் பெயரும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்கிற இந்தத் தேய்மானம் உண்மையானது. ஆனால் மிதமான ஸ்லைடர் மாற்றத்தால் அது ஓரிரு வாரத்தில் ஒரு கார்டைக் கொன்றுவிடாது.

அடுத்த படி, வேறு பயாஸை ஏற்றுவது. இது கார்டிலேயே பதிவாகும், எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகும். இதிலும் எல்லாமே தப்பு என்று சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் ரேடியான் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி வெளிவரும் தறுவாயில், அதன் சிப்பைத் தயாரிக்கும் ஏ.எம்.டி. அதன் வேகத்தை உயர்த்தியது. பழைய பயாஸோடு கடைக்குப் போய்விட்ட கார்டுகளுக்குப் புதிய பயாஸைத் தயாரிப்பாளர்களே வெளியிட்டார்கள். அப்படி உங்கள் மாடலுக்கென்றே தயாரிப்பாளர் தந்ததை ஏற்றுவது வேறு, இன்னொரு கம்பெனியின் உயர்ந்த மாடலுக்கான பயாஸை இழுத்து வந்து ஏற்றுவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்தவர்கள், பிறகு வரும் கோளாறுக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்குவது கடினம்.

மூன்றாவது, கார்டின் மேல் கை வைப்பது. மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் ரெசிஸ்டரின் மேல் இன்னொன்றைப் பற்றவைத்து, கார்டு தன் மின்செலவைக் குறைத்து எண்ணும்படி செய்வார்கள். கூலரைக் கழற்றி, தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் பிளாக் மாட்டுவார்கள். ஷண்ட் மாற்றம் செய்த கார்டைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. கூலர் கழற்றிய விஷயம் அவ்வளவு கறாரானதல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபேக்டரி ஓவர்கிளாக் இந்த மூன்றிலும் சேராது. தயாரிப்பாளரே வேகத்தைக் கூட்டி, பெட்டியில் ‘ஓசி’ என்று அச்சிட்டு விற்றிருந்தால் அதுதான் அந்தக் கார்டின் இயல்பான வேகம். அந்த வேகத்தில் அது நிலையாக ஓடவில்லை என்றால் நீங்கள் எதையும் மீறவில்லை. ‘ஐம்பது மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டிப் பாருங்கள்’ என்று யாராவது சொன்னால், காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையாகச் செய்து பார்க்கலாம். தீர்வாக ஒப்புக்கொள்ளக் கூடாது. வாங்கியது அந்த வேகத்துக்கும் சேர்த்துத்தான்.

கார்டுதான் குற்றவாளியா?

ஆஃப்டர்பர்னரில் ரீசெட்டை அழுத்துங்கள், கணினி தொடங்கும்போதே ஓவர்கிளாக்கை ஏற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதோடு நிற்காமல் அந்த மென்பொருளையே நீக்கிவிடுவது உத்தமம். ஒரே கார்டை ஆஃப்டர்பர்னரும் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளும் டிரைவரோடு வரும் டியூனிங் பக்கமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். அப்புறம் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரைச் சேஃப் மோடில் ஓட்டி, பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். பயாஸ் மாற்றியிருந்தால், ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் மூல பயாஸை மறுபடி ஏற்றுங்கள். இரண்டு பயாஸும் ஒரு சிறு சுவிட்சும் உள்ள கார்டு என்றால் சுவிட்சை மாற்றிப் பார்ப்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

கோளாறு எப்படித் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். சிப்பின் வேகம் தாங்காதபோது டிரைவர் விழுந்து எழும். சிப் இரண்டு வினாடிக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கிவிடும், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். மெமரியின் நடத்தை வேறு மாதிரி. ஜிடிடிஆர்5 என்ற மெமரி வகையின் காலத்திலிருந்தே மெமரியில் தவறைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் மெமரி வேகத்தைச் சற்று அதிகமாக ஏற்றினால் கேம் உடனே விழாமல், வேகம் மட்டும் கூடுவதற்குப் பதில் குறையும். ‘நிலையாகத்தான் இருக்கிறது, ஆனால் கார்டு மந்தமாகிவிட்டது’ என்று புகார் சொல்பவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். ஸ்லைடரைக் கீழே இறக்கியதும் சரியாகிவிடும், திருப்பித் தர ஒன்றுமில்லை. மாறாக, கணினி தொடங்கும் முதல் திரையிலேயே, டிரைவர் ஏறுவதற்கு முன்பே, கட்டம் கட்டமாகவும் கோடு கோடாகவும் தெரிந்தால் அது ஸ்லைடரின் வேலை அல்ல. மெமரியோ அதன் சால்டர் இணைப்போ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இயல்பான வேகத்தில் ஒரு முறையான சோதனையும் வேண்டும். 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 சுற்று ஓட்டும், சுற்றுகளுக்கிடையே வேகம் 97 சதவீதத்துக்குக் குறையாமல் நிலையாக இருந்தால் தேறியது என்று சொல்லும். ஓசிசிடி மென்பொருளில் மெமரிக்கென்றே தனிச் சோதனை உண்டு, பிழை இருந்தால் எண்ணிக்கையோடு காட்டும். அந்த எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷாட் கடைக் கவுண்டரில் நீங்கள் பேசும் எந்த வார்த்தையையும் விட வலுவானது.

கார்டின் உள்விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளையும் திறந்து பார்த்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090, 5080, 5070 டிஐ கார்டுகளில் சில, படத்தை எழுதி முடிக்கும் ரெண்டர் அவுட்புட் யூனிட்கள் இருக்க வேண்டியதில் எட்டு குறைந்தே வந்திருந்தன. 5090இல் 176 இருக்க வேண்டிய இடத்தில் 168. சிப்பைத் தயாரித்த என்விடியா அதை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள் கார்டு தயாரித்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளலாம் என்றது. இந்த மாதிரிக் குறை உங்கள் கார்டில் இருந்தால், நீங்கள் ஓவர்கிளாக் செய்தீர்களா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓவர்கிளாக் செய்து பார்த்ததால்தான் பலர் இப்படிப்பட்ட குறைகளைக் கவனிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸின் ரெஃபரன்ஸ் கார்டுகளில், அதாவது ஏ.எம்.டி.யே வடிவமைத்த கார்டுகளில், சிலவற்றின் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பம் 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தது. கூலருக்குள் சூட்டைப் பரப்பும் வேப்பர் சேம்பர் பழுது என்று தெரிந்து ஏ.எம்.டி. மாற்றிக் கொடுத்தது. அந்தக் கார்டை வைத்திருந்த ஒருவர், ‘நான் வேகத்தைக் கூட்டியதால்தான் சூடாகிறது’ என்று தன்னைத்தானே நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் பழுதான கூலரோடு காலம் தள்ளியிருப்பார்.

கார்டு அல்லாத காரணங்களையும் ஒதுக்கிவிட வேண்டும். 2024இல் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் உருவான கேம்கள் பலவற்றில் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லிக் கேம் விழுந்தது. படிக்கிற எவரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மைக் காரணம் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களில் இருந்த நிலையின்மை. இன்டெல் கடைசியில் அவற்றின் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நல்ல கார்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, புதிய கார்டிலும் அதே செய்திதான் வந்திருக்கும். ஆகவே பிராசஸரிலும் ரேமிலும் செய்திருக்கும் ஓவர்கிளாக்கை அணைத்துப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து ஒரே கேபிளின் இரண்டு முனைகளைக் கார்டில் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். முடிந்தால் வேறொருவர் கணினியில் கார்டை மாட்டிப் பாருங்கள். எல்லாச் சோதனையிலும் இதுவே உயர்ந்தது. ஸ்லைடர் ஓவர்கிளாக் அங்கே கூட வராது, உங்கள் பவர் சப்ளையும் கூட வராது. அங்கேயும் விழுந்தால் கார்டில்தான் பிழை.

கடையில் பணத்தைத் திரும்பக் கேட்பது

பழுது உறுதியாகி, கடையின் ரிட்டர்ன் கெடுவும் முடியவில்லை என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. வேகம், எளிமை இரண்டும் காரணம். இன்னொரு காரணம், புதிய பொருளுக்குக் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும் வழி இது ஒன்றுதான். தயாரிப்பாளரிடம் போனால் உங்களுக்குக் கிடைப்பது பழுது பார்த்த கார்டாகவோ வேறொருவர் திருப்பி அனுப்பிச் சரிசெய்யப்பட்டதாகவோ இருக்கலாம். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ‘அடுத்த டிரைவரில் சரியாகலாம்’ என்று காத்திருப்பதுதான் இங்கே நிறையப் பேருக்கு நஷ்டத்தைக் கொண்டுவருகிறது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது, வேகம் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஏறும் இடத்தில் பல கார்டுகள் கேமை விட்டு விழுந்தன. ஃபேக்டரி ஓவர்கிளாக் மாடல்களும் அதில் உண்டு. சிப்புக்குப் பின்னால் உள்ள கெப்பாசிட்டர்களைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அந்த மாத இறுதியில் வந்த 456.55 டிரைவர் பெரும்பாலானோருக்கு நிலைமையைச் சரிசெய்தது. இதிலிருந்து என் முடிவு: புதிதாக வந்த கார்டு, ஊர் முழுக்க அதே புகார், தயாரிப்பாளரும் அதை ஏற்றுப் பேசுகிறார் என்றால் கெடு முடிவதற்குச் சில நாள் முன்பு வரை காத்திருக்கலாம். உங்கள் கார்டில் மட்டும் கோளாறு என்றால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

கெடு எத்தனை நாள் என்பது சில இடங்களில் கடையின் விருப்பம், சில இடங்களில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், பழுதுக்கு இரண்டு ஆண்டு வரை விற்றவரே பொறுப்பு. பிரிட்டனில் பழுதான பொருளை 30 நாளுக்குள் மறுத்துப் பணம் பெறும் உரிமை 2015 சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நல்ல பொருளைத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று நாடு முழுக்கப் பொதுவான விதி இல்லை, பெரும்பாலும் கடை வைத்ததுதான் சட்டம். ஆகவே உங்கள் பில்லின் பின்பக்கத்தையும் உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டத்தையும் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருவோம். கார்டில் பழுதே இல்லை, எதிர்பார்த்த அளவு ஓவர்கிளாக் ஆகவில்லை, அவ்வளவுதான். ஒரே மாடலில் ஒரு சிப் நன்றாக ஏறும், இன்னொன்று ஏறாது. சிலிக்கான் லாட்டரி என்று சொல்வார்கள். நல்ல சிப் கிடைக்கும்வரை வாங்கி வாங்கித் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் கடையில் இது நடக்கும், ஆனாலும் நான் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருப்பிய ஒவ்வொரு கார்டும் பிரித்த பெட்டியாகி விலை இறங்குகிறது, அந்த இழப்பை யாரோ ஒருவர் சுமக்கிறார். ஐரோப்பிய விதியிலேயே ஒரு கத்தி மறைந்திருக்கிறது: பொருளின் தன்மையைத் தெரிந்துகொள்ளத் தேவையானதற்கு மேல் பயன்படுத்தியதால் மதிப்பு குறைந்திருந்தால் வாங்கியவரிடமிருந்து அதைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசிச் சொட்டு வேகத்துக்காகக் கார்டை நாள்கணக்கில் பிழிந்தது அந்தத் ‘தேவையான’ அளவுக்குள் அடங்கும் என்று வாதாடுவது கஷ்டம். பெட்டியில் சொன்ன வேகத்துக்கு மேல் கிடைப்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. அப்படி ஒரு உறுதி வேண்டும் என்றால் வேகம் கூட்டிய மாடலுக்கே பணம் கொடுத்து வாங்குவதுதான் நேர்வழி.

கவுண்டரில் ‘ஓவர்கிளாக் செய்தீர்களா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? கேட்காததை வலியப் போய் ஒப்பிக்க வேண்டியதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ‘செய்து பார்த்தேன், எடுத்துவிட்டேன், இயல்பான வேகத்திலும் இதே கோளாறு வருகிறது, இதோ சோதனை முடிவு’ என்பது நேர்மையான பதில், கூடவே வலுவான பதிலும். ஸ்லைடர் மாற்றம் தடயம் விடாது என்பதால் பொய் சொல்லலாம் என்று அறிவுரை தருகிறவர்கள் உண்டு. இயல்பான வேகத்தில் பழுது நிரூபணமாகிவிட்டால் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. பழுது நிரூபணமாகவில்லை என்றால் அந்தப் பொய், நீங்கள் கெடுத்ததை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கான பொய்.

மாற்றிக்கொள்வது

பணத்துக்குப் பதில் அதே மாடலில் வேறு கார்டு. மாடல் உங்களுக்குப் பிடித்திருந்து, கோளாறு தனிப்பட்ட கார்டில் மட்டும் என்றால் இதுவே போதும். கார்டுகள் கிடைப்பது அரிதாக இருக்கும் காலத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தால் அதே பணத்துக்கு வேறு கிடைக்காமல் போகலாம், அப்போதும் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் கோளாறு மாடலுக்கே உரியது என்றால், உதாரணமாக கூலர் வடிவமைப்பே போதாமல் எல்லோருக்கும் சூடாகிறது என்றால், மாற்றி வரும் கார்டும் அதையேதான் செய்யும். அங்கே பணத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: மாற்றித் தரும் கார்டுக்கு ரிட்டர்ன் கெடு புதிதாகத் தொடங்குகிறதா, பழைய பில்லின் தேதியிலேயே நிற்கிறதா? முடிந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரிடம் வாரண்டி கேட்பது

கடையின் கெடு முடிந்துவிட்டால் அடுத்த கதவு இது. சில தயாரிப்பாளர்கள் நேரடியாக வாங்குவார்கள், சிலர் விற்ற கடை வழியாகத்தான் வர வேண்டும் என்பார்கள். கார்டு போய்த் திரும்பும்வரை கணினியில் கார்டு இருக்காது. பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாதவர்களுக்கு அந்தக் காலம் முழுக்க கணினியே இல்லை என்று அர்த்தம். மெதுவான வழிதான், ஆனால் கெடு நீளமானது, ஆண்டுக் கணக்கில் இருக்கும்.

ஓவர்கிளாக் விஷயத்தில் கடையைவிடத் தயாரிப்பாளரின் நிபந்தனைகள்தான் நேரடியாகப் பேசும். ரேடியான் மென்பொருளில் டியூனிங் பக்கத்தைத் திறந்தாலே எச்சரிக்கை வரும். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு, அதைத் தங்கள் மென்பொருளிலேயே செய்திருந்தாலும், வாரண்டி பொருந்தாது என்பது ஏ.எம்.டி.யின் நிலை. வசதியையும் கொடுத்துவிட்டுப் பொறுப்பையும் கைகழுவுவது எனக்கு உவப்பாக இல்லை, இருந்தாலும் அந்த வாக்கியத்தைக் கூர்ந்து படித்தால் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது: ஓவர்கிளாக்கால் வந்த சேதம். ஃபேனின் பேரிங் தேய்ந்து கரகரப்பதற்கும், ஒரு டிஸ்பிளே போர்ட் வேலை செய்யாததற்கும், வேப்பர் சேம்பர் பழுதுக்கும் ஓவர்கிளாக் காரணம் அல்ல.

2021இல் ‘நியூ வேர்ல்ட்’ கேமின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது, ஈவிஜிஏ என்ற கார்டு தயாரிப்பாளரின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. கேமைக் குறை சொன்னார்கள், ஓட்டியவர்களைக் குறை சொன்னார்கள். கடைசியில் ஈவிஜிஏவே மின்சுற்றுப் பகுதியில் சால்டர் வேலை சரியில்லை என்று சொல்லி மாற்றிக் கொடுத்தது. கார்டு அதிக வேகத்தில் ஓடும்போது செத்தது என்பதாலேயே வேகம்தான் காரணம் என்று ஆகிவிடாது. உறுதியில்லாத நிலையில் ‘நான்தான் கெடுத்துவிட்டேன்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி அவர்கள் பரிசோதிக்கட்டும் என்று விடுங்கள்.

அதே ஈவிஜிஏ, கூலரைக் கழற்றினாலும் ஓவர்கிளாக் செய்தாலும், கார்டில் உடைப்பு இல்லாத வரை வாரண்டியை மதித்து நல்ல பெயர் எடுத்த நிறுவனம். 2022 செப்டம்பரில் அது கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டு விலகியபோது ஓவர்கிளாக் செய்பவர்கள் வருந்தியதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்டெல் பிராசஸர்களுக்கு 2012 முதல் 2021 வரை தனிக் காப்புத் திட்டமே விற்றது. சிறு தொகை கட்டினால், ஓவர்கிளாக்கில் செத்த பிராசஸரை ஒருமுறை மாற்றித் தருவார்கள். அப்படி ஒரு ஏற்பாடு கிராபிக்ஸ் கார்டுக்கும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக்குத் தேவை இருந்திருக்காது.

திருகின் மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா நாட்டிலும் அத்தோடு கதை முடிந்தது என்று இல்லை. ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை என்று சொல்வதைக் கண்டித்து அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018இலும் 2024இலும் நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. 2024 பட்டியலில் ஜிகாபைட், ஏஎஸ்ராக், சோடாக் ஆகியவை இருந்தன. மற்ற நாடுகளில் நிபந்தனைகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்டர் பிளாக் மாட்டியிருந்தால் பழைய கூலரைப் புதிய தெர்மல் பேடு, பேஸ்ட்டோடு ஒழுங்காக மாட்டித்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் கழற்றிய கூலரையும் திருகுகளையும் தூக்கி எறியக் கூடாது.

வைத்துக்கொள்வது

இயல்பான வேகத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால் இதுதான் சரியான முடிவு, இரண்டாம்பட்ச முடிவு அல்ல. ஸ்லைடர் ஓவர்கிளாக்கில் கிடைப்பது பொதுவாகச் சில சதவீத வேகம்தான். கேமில் அமைப்பு ஒன்றை ஒரு படி குறைத்தால் அதைவிட அதிகம் கிடைத்துவிடும். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ்–வேக வளைகோடு திறக்கும். அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் பிடித்து நிறுத்தினால் சூடும் ஃபேன் சத்தமும் இறங்கும், மின் வரம்பில் முட்டிக்கொண்டிருந்த கார்டு சில சமயம் முன்பைவிட வேகமாகவே ஓடும். தேடல் சுகத்துக்காக ஓவர்கிளாக் செய்பவர்களுக்கும் இதில் விளையாட நிறைய இடம் இருக்கிறது.

இயல்பான வேகத்திலும் எப்போதாவது விழுகிறது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கிறது என்ற இரண்டுங்கெட்டான் கார்டை மட்டும் கெடுவுக்குள் இருக்கும்போது வைத்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல கார்டு அல்ல, பழுதை ஒத்திப்போட்ட கார்டு.

வெளியே பழுது பார்ப்பதும் விற்பதும்

ஷண்ட் மாற்றம், அந்நிய பயாஸ், தண்ணீர் ஒழுகியது, உடைப்பு என்று வாரண்டிக்கு வெளியே போய்விட்ட கார்டுகளுக்குத்தான் இந்த வழி. ஃபேன் மாற்றுவது, பேஸ்ட் மாற்றுவது, மின்சுற்றில் கெட்டுப்போன மாஸ்ஃபெட் என்ற சிறு பாகத்தையோ மெமரி சிப்பையோ மாற்றுவது அனுபவம் உள்ளவர்கள் கையில் நல்ல பலன் தரும். முதன்மைச் சிப்பே செத்திருந்தால் செலவழிப்பதில் பொருள் இல்லை. சிப்பை ஹீட் கன்னால் சூடாக்கியோ ஓவனில் வைத்தோ உயிர்ப்பிப்பதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். உயிர் வந்தாலும் சீக்கிரமே போய்விடும்.

பயாஸ் ஏற்றியதில் கார்டு திரையே காட்டாமல் போயிருந்தால் அதைச் செத்ததாக எண்ணிவிடாதீர்கள். இரட்டை பயாஸ் கார்டு என்றால் நல்ல பயாஸில் கணினியைத் தொடங்கி, ஓடும்போதே சுவிட்சை மறுபக்கம் தள்ளி, கெட்டதன் மேல் மூல பயாஸை எழுதலாம். ஒற்றை பயாஸ் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸிலோ இன்னொரு கார்டிலோ திரையை வைத்துக்கொண்டு எழுத முயலலாம்.

விற்பதானால் ஓவர்கிளாக் செய்ததைச் சொல்லியே விற்க வேண்டும். வாரண்டி மிச்சம் இருந்தால் அது இரண்டாம் ஆளுக்குப் போகுமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் சீரியல் நம்பரை வைத்தும், சில முதல் வாங்கியவரின் பில்லை வைத்தும் வாரண்டி தருகின்றன.

கொடுப்பதற்கு முன்பும் வாங்கிய பின்பும்

கடையோ கம்பெனியோ, கார்டு கையை விட்டுப் போகுமுன் சீரியல் நம்பர், எல்லாப் பக்கமும், மின் இணைப்பு முனை, ஸ்லாட்டில் செருகும் பொன் நிறப் பகுதி ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு முனை முக்கியம். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090இன் 16 முனை இணைப்புகள் உருகியபோது, முழுதாகச் செருகாததே பெரும்பாலும் காரணம் என்று என்விடியா சொன்னது, ஆனாலும் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கருகிய முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொண்டுபோனால் உங்கள் சாட்சியத்தை நீங்களே அழித்ததாகிவிடும், இருப்பதை இருந்தபடியே கொடுங்கள். ஆன்டிஸ்டாட்டிக் பை, பெட்டி, உள்ளே வந்த கேபிள், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒரு கேபிள் குறைந்ததற்காகப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன.

மாற்றுக் கார்டு வந்ததும் முதலில் ஜிபியு-இசட், பிறகு இயல்பான வேகத்தில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், மெமரி டெஸ்ட். முடிவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மூல பயாஸையும் ஜிபியு-இசட்டிலிருந்தே ஒரு நகல் எடுத்துவிடலாம், ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். ரிட்டர்ன் கெடு முடியும்வரை ஸ்லைடரைத் தொடாமல், நீங்கள் வழக்கமாக ஆடும் கேம்களையே ஆடி ஓட்டுங்கள். அந்த நாட்களில் விழுந்தால் யாரும் உங்களை ஒரு கேள்வி கேட்க முடியாது. விழாவிட்டால், அதற்கப்புறம் எவ்வளவு ஏற்றிப் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம்.